படகு டீசல் எஞ்சின் இருமி நின்றால்: டேங்க் முதல் இஞ்செக்டர் வரை எரிபொருள் கோளாறைத் தேடும் வழி

ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் இருமி நின்றதும் பலர் கையில் முதலில் ஏறுவது 10 மி.மீ. ஸ்பானர்தான். ஏர் எடுக்கும் (எரிபொருள் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்றும்) ஸ்குருவைத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிப்ட் பம்பைக் கையால் இருபது தடவை அடித்து, எஞ்சின் ஓடியதும் மூடியைப் போட்டுவிடுகிறார்கள். காற்று எந்த வழியாக உள்ளே வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. அடுத்த முறை அதே எஞ்சின் நிற்கப்போவது மெரினாவுக்குள் அல்ல. சிங்கப்பூரின் குசு தீவுக்குப் போகும் வழியில், பின்னால் ஒரு கண்டெய்னர் கப்பல் வந்துகொண்டிருக்கும்போது.

இங்கே சொல்வது ஏறக்குறைய 10 முதல் 50 குதிரைத்திறன் வரையுள்ள, இயந்திர இஞ்செக்ஷன் பம்ப் கொண்ட எஞ்சின்களுக்கு: யான்மார் ஜிஎம், ஒய்எம் வரிசைகள், வோல்வோ பென்டாவின் பழைய 2000 வரிசை, குபோட்டாவை அடிப்படையாகக் கொண்ட பீட்டா போன்றவை. காமன் ரெயில் எஞ்சின் என்றால் டேங்கிலிருந்து ஃபில்டர் வரையுள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உயர் அழுத்தக் குழாய்களைத் தளர்த்தவே கூடாது.

உறிஞ்சும் பக்கமும் தள்ளும் பக்கமும்

டீசல் போகும் பாதை இது: டேங்க், அதனுள் இறங்கும் உறிஞ்சு குழாய், டீசலை நிறுத்தும் அடைப்புத் திருகு, நீர் பிரிக்கும் முதல் ஃபில்டர், லிப்ட் பம்ப், எஞ்சின் மேலுள்ள இரண்டாம் ஃபில்டர், டீசலை உயர் அழுத்தத்துக்கு ஏற்றும் இஞ்செக்ஷன் பம்ப், உயர் அழுத்தக் குழாய்கள், டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இஞ்செக்டர்கள். மிச்ச டீசல் ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்குத் திரும்புகிறது.

பெரும்பாலான படகுகளில் டேங்க் எஞ்சினைவிடத் தாழ்வாக இருக்கும். அதனால் டேங்கிலிருந்து லிப்ட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டு மேலே வருகிறது. அந்தப் பகுதியில் ஓர் இணைப்பு தளர்ந்தால் டீசல் வெளியே சொட்டாது; வெளிக்காற்று உள்ளே போகும். லிப்ட் பம்புக்கு அப்பால் டீசல் தள்ளப்படுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும், மணக்கும். 'எஞ்சின் அறை காய்ந்து கிடக்கிறது, எங்கும் கசிவே இல்லை, ஆனாலும் காற்று பிடிக்கிறது' என்று யாராவது குழம்பினால், அவர் தேட வேண்டியது பம்புக்கு முன்னால். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை குறைந்துவிடும்.

ஸ்பானரைத் தொடும் முன்

வெட்கப்பட வைக்கும் காரணங்களை முதலில் தள்ளிவிடுங்கள். ஸ்டாப் கேபிள் இழுத்தபடியே இருக்கிறதா? மின்சார ஸ்டாப் சாலினாய்டு என்றால் சாவி திருப்பும்போது 'டக்' என்று ஓசை வருகிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா? டேங்கின் அடைப்புத் திருகு திறந்திருக்கிறதா? அளவுகாட்டி முள் பாதியில் நிற்பதை நம்பாதீர்கள். மிதவை சிக்கிக்கொண்டால் காலி டேங்கிலும் முள் பாதியைத்தான் காட்டும். ஒரு மரக்குச்சியை விட்டு அளந்து பாருங்கள்.

இன்னொன்று, இதைத் தெரியாமல் எஞ்சினையே கெடுத்தவர்கள் உண்டு. எஞ்சின் பற்றாமல் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் கடல்நீர் பம்பும் கூடவே சுற்றும். புகை வேகம் இல்லாததால் அந்தத் தண்ணீர் வெளியே போகாமல் எக்ஸாஸ்ட் மஃப்ளரில் நிரம்பி, கடைசியில் சிலிண்டருக்குள்ளேயே திரும்பும். மொத்தமாக அரை நிமிடத்துக்கு மேல் சுற்ற வேண்டியிருந்தால் கடல்நீர் வால்வை மூடிவிட்டு, மஃப்ளரின் வடிகால் திருகைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள். எஞ்சின் பற்றிய அந்த நொடியிலேயே வால்வைத் திறக்க வேண்டும். மறக்காமல் இருக்க, வால்வை மூடியதும் எஞ்சின் சாவியின் மேல் ஒரு துணியைக் கட்டிவிடுவது நல்ல பழக்கம். ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் 10 நொடிக்கு மேல் அழுத்த வேண்டாம். நடுவே ஒரு நிமிடம் ஆறவிடுங்கள்.

எப்படி நின்றது என்பதே பாதி விடை

காலையில் உடனே பற்றி, ஒரு நிமிடத்துக்குள் நின்றுபோகிறது, மறுபடி எழ மறுக்கிறது: இரவில் எங்கோ காற்று நுழைந்து, குழாயிலிருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிட்டது. ஃபில்டரிலும் பம்பிலும் மிச்சமிருந்த டீசலில்தான் அந்த ஒரு நிமிடம் ஓடியது.

பத்து இருபது நிமிடம் நன்றாக ஓடி, மெதுவாகச் சோர்ந்து நிற்கிறது, சற்று நேரம் கழித்துத் தானாகப் பற்றுகிறது: டேங்கின் காற்றுக்குழாய் அடைபட்டிருக்கலாம், அல்லது உறிஞ்சு குழாயின் வாயில் குப்பை ஒட்டியிருக்கலாம். எஞ்சின் சோரும் அந்த நேரத்தில் டீசல் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு எஞ்சின் தெளிந்தால் காற்றுக்குழாய்தான் குற்றவாளி. நம் ஊரில் மண்குளவி அந்தத் துளைக்குள் கூடு கட்டிவிடும், உப்பும் பூக்கும். மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்துவிட்டு வாயில் கண்ணி வலை போடுங்கள். காற்றுக்குழாய் சரி என்றால், எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் விலகிக் குப்பை கீழே விழுகிறது, அதனால்தான் மறுபடி பற்றுகிறது என்று கொள்ளலாம்.

ஐடிலில் சீராக இருக்கிறது, வேகம் கூட்டினால் ஏற மறுக்கிறது: ஃபில்டர் பாதி அடைபட்டிருக்கிறது. ஆனால் புகையைப் பாருங்கள். டீசல் போதாத எஞ்சின் கரும்புகை விடாது. கரும்புகையோடு வேகம் ஏறவில்லை என்றால் எஞ்சினுக்குச் சுமை அதிகம் அல்லது காற்று குறைவு. சிங்கப்பூர்க் கடலில் சில வாரம் ஓடாமல் நின்ற படகின் புரொப்பெல்லரில் சிப்பியும் பாசியும் அப்பிவிடும். ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட ஒரு முறை தண்ணீருக்குள் இறங்கிப் பார்ப்பது மலிவு.

வேகம் தானாக ஏறி இறங்குகிறது: காற்றுக் குமிழ். ஸ்டார்ட்டர் சுற்றும்போது எக்ஸாஸ்ட்டில் துளிப் புகையும் இல்லை: சிலிண்டருக்கு டீசலே போகவில்லை. வெண்புகை வருகிறது, ஆனால் பற்றவில்லை: டீசல் போகிறது, சூடு போதவில்லை. அது குளோ பிளக், பேட்டரி, கம்ப்ரஷன் விவகாரம். இந்த வழிகாட்டிக்கு வெளியே.

டீசலைக் கண்ணாடியில் பிடித்துப் பாருங்கள்

முதல் ஃபில்டரின் அடிக்கிண்ணத்திலிருந்து கால் லிட்டர் அளவு ஒரு சுத்தமான கண்ணாடி ஜாடியில் பிடியுங்கள். பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் கீழே தனி அடுக்காகத் தங்கும். தெளிவான டீசலா, முழுவதும் தண்ணீரா என்றே சந்தேகம் வந்தால், சமையலறையில் இருக்கும் உணவு நிறத்தில் ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீர் என்றால் நிறம் பரவும். டீசலில் அது உருண்டு அடியில் போய் நிற்கும்.

கலங்கலாகப் பால் போல இருந்தால் நுண்ணிய துளிகளாகத் தண்ணீர் கலந்திருக்கிறது. காப்பித்தூள் சக்கை போலவோ கரும்பழுப்புச் சளி போலவோ மிதந்தால் அது டீசலில் வளரும் பூஞ்சையும் நுண்ணுயிர்களும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் எல்லையில்தான் அவை வாழும். 25 முதல் 35 பாகை வெப்பம் அவற்றுக்கு மிகவும் பிடிக்கும், அதாவது நம் ஊரின் எல்லா மாதங்களும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குளிர்நாட்டுக் கையேடுகள் டேங்கின் உட்சுவரில் வியர்க்கும் நீரைத்தான் முதலில் பழிக்கும். இரவு பகல் வெப்ப வேறுபாடு இவ்வளவு குறைவான இடத்தில் நாம் முதலில் சந்தேகப்பட வேண்டியது டெக்கிலுள்ள ஊற்றும் மூடியின் ஓ-ரிங்கை. ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டும் ஊரில், வெடித்த ஓ-ரிங் வழியாக ஒவ்வொரு மழைக்கும் சில கரண்டித் தண்ணீர் இறங்கினால் போதும். அந்த ஓ-ரிங்கை ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள். அதைவிட மலிவான பராமரிப்பு படகில் வேறு இல்லை.

அடுத்து, எங்கே டீசல் ஊற்றினீர்கள் என்பதும் முக்கியம். பக்கத்து இந்தோனேசியத் தீவான பாத்தாம் வரை போய்விட்டு அங்கேயே நிரப்பி வரும் படகுகள் உண்டு. இந்தோனேசியா 2023ல் 35 விழுக்காடும் 2025ல் 40 விழுக்காடும் பனையெண்ணெய் பயோடீசல் கலப்பைக் கட்டாயமாக்கியது. பயோடீசல் அதிக ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். டேங்கின் அடியில் பல ஆண்டாகப் படிந்த கசடைக் கரைத்துக் கிளப்பி ஃபில்டருக்கு அனுப்பும். பழைய ரப்பர் ஹோஸை ஊதி இளக வைக்கும். பல பழைய சிறிய எஞ்சின்களின் கையேடுகள் 5 முதல் 7 விழுக்காடு கலப்புக்கு மேல் அனுமதிப்பதில்லை. அங்கே நிரப்ப வேண்டிய கட்டாயம் வந்தால், அடுத்த 20 மணி நேர ஓட்டத்துக்குள் முதல் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், கையில் இரண்டு மாற்று ஃபில்டர் வைத்திருங்கள்.

கிண்ணத்தில் தண்ணீரோ சளியோ கண்டால் கிண்ணத்தை மட்டும் வடித்துவிட்டுப் போகாதீர்கள். டேங்கின் மிகத் தாழ்ந்த மூலைக்கு எட்டும்படி ஒரு விறைப்பான குழாயைச் செருகி, கைப்பம்பால் தெளிந்த டீசல் வரும் வரை உறிஞ்சி எடுங்கள். பிறகு பூஞ்சைக்கொல்லி மருந்தை டப்பாவில் எழுதிய அளவுக்கே ஊற்றுங்கள். மருந்து தண்ணீரை நீக்காது. செத்த பூஞ்சை எங்கும் மறைந்தும் போகாது. எல்லாம் ஃபில்டருக்கு வந்து சேரும். மருந்து ஊற்றிய மறுநாளே நீண்ட பயணம் கிளம்புவது வம்பை விலைக்கு வாங்குவது.

தனி கேன் சோதனை: கோளாறை இரண்டாக வெட்டுவது

அனுமானங்களை நிறுத்தி உறுதியாகத் தெரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த சோதனை இல்லை. ஐந்து லிட்டர் சுத்தமான டீசல் உள்ள கேன், அதன் அடியைத் தொடும் ஹோஸ், பம்பின் நுழைவாய்க்குப் பொருந்தும் கிளிப் இருந்தால் போதும்.

லிப்ட் பம்பின் நுழைவாயிலுள்ள ஹோஸைக் கழற்றி, கேனிலிருந்து வரும் ஹோஸை மாட்டுங்கள். ரிட்டர்ன் குழாயையும் கேனுக்குள்ளேயே விடுங்கள், இல்லாவிட்டால் கேன் சீக்கிரம் காலியாகும். கேனை டேங்க் இருக்கும் உயரத்திலேயே வையுங்கள். எஞ்சினுக்கு மேலே தூக்கி வைத்தால் டீசல் தானாக இறங்கி வரும். சோர்ந்த பம்பும் நல்ல பம்பாகத் தெரியும். ஏர் எடுத்துவிட்டு, படகை இரட்டைக் கயிற்றால் கட்டி, கியரைப் போட்டு 1,500 முதல் 2,000 சுற்றில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். சுமையில்லாமல் ஐடிலில் ஓட்டும் சோதனை எதையும் நிரூபிக்காது.

கேனிலிருந்து சீராக ஓடினால் கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் நடுவில். அடுத்ததாகக் கேன் ஹோஸை முதல் ஃபில்டரின் நுழைவாயில் மாட்டி மறுபடி ஓட்டுங்கள். இப்போது கெட்டால் ஃபில்டர் அல்லது அதற்கும் பம்புக்கும் நடுவிலுள்ள ஹோஸ். இப்போதும் நன்றாக ஓடினால் டேங்க், அதன் உறிஞ்சு குழாய், திருகு. பம்பின் நுழைவாயில் கேன் மாட்டியும் ஓட்டம் சரியில்லை என்றால் பம்பிலும் அதற்கு அப்பாலும் தேடுங்கள்.

காற்று நுழையும் ஓட்டையைப் பிடிப்பது

ஒரு மீட்டர் நிறமற்ற, டீசல் தாங்கும் ஹோஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் கேட்டால் கிடைக்கும். உள்விட்டம் பெரும்பாலும் 8 மி.மீ.; உங்கள் குழாயை அளந்துவிட்டுப் போங்கள். அதைப் பம்பின் நுழைவாய்க்கு முன் பொருத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். குமிழ் ஓடினால், ஹோஸை ஒவ்வோர் இணைப்பாக டேங்க் பக்கம் நகர்த்துங்கள். குமிழ் நிற்கும் இடத்துக்கும் அதற்கு முன் பார்த்த இடத்துக்கும் நடுவில்தான் ஓட்டை.

இன்னொரு வழி, தலைகீழாக யோசிப்பது. அவுட்போர்டு மோட்டாரில் வரும் ரப்பர் குமிழ்ப் பம்பை டேங்கின் பக்கத்தில் மாட்டி அழுத்துங்கள். உறிஞ்சும் பகுதி இப்போது தள்ளும் பகுதியாகிவிடும். காற்றை உள்ளே இழுத்த அதே ஓட்டை இப்போது டீசலை வெளியே விடும். ஒவ்வோர் இணைப்பையும் துடைத்து டிஷ்யூ சுற்றிவிட்டு அழுத்தினால், நனையும் டிஷ்யூ இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சோதனை முடிந்ததும் அந்தப் பம்பை எஞ்சின் அறையில் நிரந்தரமாக விட்டுவைக்காதீர்கள். அது தீயைத் தாங்காது.

எங்கே அதிகம் பிடிபடும்? ரேக்கார் வகை ஃபில்டராக இருந்தால் மேல்மூடியின் கேஸ்கெட், மூடியை இறுக்கும் டி-கைப்பிடிக்கு அடியிலுள்ள சிறு ஓ-ரிங். ஃபில்டர் மாற்றும்போது பெரிய கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு, அந்தச் சிறியதைப் பழையதாகவே விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. புதிய ஃபில்டர் போட்ட அன்றே காற்று பிடிக்க ஆரம்பித்தால் முதலில் அதைப் பாருங்கள். அடுத்து கிண்ணத்தின் வடிகால் திருகு. அதற்கடுத்து, வெப்பத்தில் விறைத்துப்போன ஹோஸ் முனைகள். விறைத்த முனையில் கிளிப்பை இன்னும் முறுக்குவதால் பயனில்லை, இரண்டு செ.மீ. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி மாட்டுங்கள், நீளம் போதாவிட்டால் ஹோஸையே மாற்றுங்கள்.

பாஞ்சோ போல்ட்டுகளின் (டீசல் உள்ளே ஓடும் துளையுள்ள குழாய் இணைப்பு போல்ட்டுகளின்) செம்பு வாஷர் ஒரு தடவை அழுந்தியதும் இறுகிவிடும். புதிது இல்லாத நேரத்தில் அதை கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகும். கரையில் செய்ய வேண்டிய வேலை இது, டீசல் சிந்திய எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் அல்ல.

யாருக்கும் எளிதில் தோன்றாத ஓட்டை ஒன்று உண்டு. டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில், நடு உயரத்தில் நூலிழை வெடிப்பு. டேங்க் நிரம்பியிருக்கும்போது அந்த வெடிப்பு டீசலில் மூழ்கியிருப்பதால் ஒன்றும் நடக்காது. டீசல் அந்த அளவுக்குக் கீழே இறங்கிய அன்றிலிருந்து காற்று பிடிக்கும். 'பாதி டேங்க் வரை நன்றாக ஓடுகிறது, அதற்குப் பிறகு தொல்லை' என்றால் குழாயைக் கழற்றி வெளியே எடுத்துப் பாருங்கள். அதன் நுனியில் சல்லடை இருந்தால் அதையும் கழற்றிவிடலாம் என்பது எங்கள் கருத்து. டேங்குக்குள் கை எட்டாத இடத்தில் அடைபடும் சல்லடையால் என்ன நன்மை? குப்பையைப் பிடிக்க வேண்டிய இடம் வெளியிலிருக்கும் ஃபில்டர்.

ஃபில்டரும் வெற்றிட மானியும்

முதல் ஃபில்டருக்கும் லிப்ட் பம்புக்கும் நடுவில் ஒரு வெற்றிட மானி பொருத்தினால் ஃபில்டரின் நாடியை எப்போதும் பார்க்கலாம். புதிய ஃபில்டரோடு, வழக்கமான வேகத்தில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துவையுங்கள். பெரும்பாலும் 1 அல்லது 2 அங்குலப் பாதரசம். 5ஐத் தாண்டினால் ஃபில்டரை மாற்றும் நேரம். 10ஐ நெருங்கினால் எஞ்சின் பட்டினியில் ஓடுகிறது. ஃபில்டர் புதிதாக இருந்தும் முள் உயர்ந்தால் அடைப்பு டேங்கின் பக்கம். எஞ்சின் சோர்கிறது, ஆனால் முள் பூஜ்யத்திலேயே கிடக்கிறது என்றால் உறிஞ்சலே இல்லை: காற்று நுழைகிறது அல்லது பம்ப் செத்துவிட்டது.

முதல் ஃபில்டருக்கு 10 அல்லது 30 மைக்ரான், எஞ்சின் மேலுள்ள இரண்டாம் ஃபில்டருக்குத் தயாரிப்பாளர் சொன்னது. 'நுண்ணியதுதானே நல்லது' என்று முதல் இடத்தில் 2 மைக்ரான் போடுவோர் பலர். எல்லாக் குப்பையும் அங்கேயே நின்று, அதுவே முதலில் அடைபட்டு, படகு நடுக்கடலில் நிற்கும்.

மாற்றும்போது கேஸ்கெட்டில் சுத்தமான டீசல் தடவுங்கள். முதல் ஃபில்டரின் கிண்ணத்தை நிரப்பிவிட்டு மூடினால் ஏர் எடுக்கும் வேலை குறையும். இரண்டாம் ஃபில்டரைக் கேனிலிருந்து ஊற்றி நிரப்ப வேண்டாம். அதற்கு அப்பால் இஞ்செக்ஷன் பம்ப் மட்டுமே இருக்கிறது. வடிகட்டாத டீசலில் வரும் ஒரு துகள் நேராக அங்கே போய் உட்காரும். லிப்ட் பம்பை அடித்தே நிரப்புங்கள், கை வலித்தாலும் பரவாயில்லை.

லிப்ட் பம்ப்

வெளிவாய் ஹோஸைக் கழற்றி ஜாடிக்குள் விட்டு, கைப்பிடியை அடியுங்கள். ஒவ்வோர் அடிக்கும் டீசல் விசையோடு பீய்ச்ச வேண்டும். கைப்பிடி தளதளவென்று எதிர்ப்பே இல்லாமல் ஆடினால் உடனே பம்பைக் குறை சொல்லாதீர்கள். எஞ்சினின் கேம் பம்பை முழுதாக அழுத்திய நிலையில் நின்றிருக்கலாம். கிராங்க் புல்லியைக் கையால் ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு மறுபடி அடியுங்கள். அப்படியும் பலன் இல்லை என்றால் டயாஃப்ரம் அல்லது உள் வால்வு போய்விட்டது.

டயாஃப்ரம் கிழிந்தால் சில பம்புகளில் டீசல் எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருக்கிறதா, டீசல் வாடை வருகிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் எஞ்சினை ஓட்டவே வேண்டாம். பம்பை மாற்றி, ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான். மின்சாரப் பம்பு என்றால் 'டிக் டிக்' ஓசை, முனையில் 12 வோல்ட், சுத்தமான எர்த் இணைப்பு மூன்றையும் பாருங்கள். உப்புக்காற்றில் எர்த் முனைதான் முதலில் பச்சை பூக்கும்.

ஏர் எடுப்பது

இப்போதுதான் அந்த 10 மி.மீ. ஸ்பானருக்கு வேலை. ஓட்டையை அடைத்த பிறகு:

1. டேங்க் திருகைத் திறந்து, முதல் ஃபில்டர் நிரம்பியிருப்பதை உறுதி செய்யுங்கள். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் உறிஞ்சும் விரிப்பைப் போடுங்கள்.

2. இரண்டாம் ஃபில்டரின் தலையிலுள்ள ஏர் ஸ்குருவை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்றினால் அது பில்ஜுக்குள் (படகின் அடிக்குழிக்குள்) விழும், கட்டாயம் விழும். லிப்ட் பம்பை அடித்துக்கொண்டே இருங்கள். நுரை, பிறகு குமிழ், பிறகு தெளிந்த டீசல் வரும். பம்பை அடித்தபடியே ஸ்குருவை இறுக்குங்கள்.

3. இஞ்செக்ஷன் பம்பிலுள்ள ஏர் ஸ்குருவில் இதையே செய்யுங்கள். ஸ்குரு சிறியது, பம்பின் உடல் அலுமினியம். ஓர் அளவுக்கு மேல் முறுக்கினால் மரை போய்விடும்.

4. ஸ்டார்ட்டர் போட்டுப் பாருங்கள். பல எஞ்சின்கள் இங்கேயே பற்றிவிடும்.

5. பற்றாவிட்டால் இஞ்செக்டர் முனையிலுள்ள குழாய் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். பெரும்பாலும் 17 மி.மீ. குழாய் முறுகாமல் இருக்க நட்டை மட்டும் திருப்புங்கள். திராட்டிலைப் பாதி திறந்து, டிகம்ப்ரஷன் நெம்புகோல் இருந்தால் அதைத் தூக்கிவிட்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஒவ்வொரு நட்டிலும் டீசல் துடித்துத் துடித்து வரும்போது இறுக்குங்கள்.

6. பற்றியதும் கடல்நீர் வால்வைத் திறந்தீர்களா? எக்ஸாஸ்ட்டில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு, 1,500 சுற்றில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். தொட்ட இணைப்புகளைத் துடைத்து, மறுபடி நனைகின்றனவா பாருங்கள்.

இஞ்செக்டர் குழாயில் அழுத்தம் 100 பாரைத் தாண்டும். ஓடும் எஞ்சினில் கசிவைத் தேட விரலை நீட்டாதீர்கள். ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால் வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், வலியும் முதலில் குறைவு. அப்படி நடந்தால் காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், உயர் அழுத்த டீசல் புகுந்தது என்று சொல்லுங்கள்.

பம்புக்கு அப்பால்

இங்கே கடலில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஒரு சிலிண்டர் மட்டும் தட்டிக்கொண்டு ஓடினால், ஐடிலில் ஒவ்வொரு குழாய் நட்டையும் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, நட்டின் மேல் துணி சுற்றி, சற்றே தளர்த்திப் பாருங்கள். எந்த நட்டைத் தளர்த்தும்போது ஓசை மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. இஞ்செக்டரைக் கழற்றிப் பட்டறையில் அழுத்தச் சோதனைக்குக் கொடுங்கள். திருப்பி மாட்டும்போது புதிய வாஷர் போடுங்கள். இஞ்செக்ஷன் பம்பை நீங்களே பிரிக்காதீர்கள். அதற்குள் தண்ணீர் போயிருக்கும் என்று தோன்றினால், 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று விடாமல் அன்றே சுத்தமான டீசலால் கழுவி எஞ்சினை ஓட்டுங்கள். உள்ளிருக்கும் பிளஞ்சர் துருப்பிடிக்கச் சில நாள் போதும்.

ரிட்டர்ன் குழாய் மடங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டு டேங்க் உள்ள படகில் ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் திருப்பினால், ஒன்று வற்றும், மற்றது காற்றுக்குழாய் வழியே கடலில் வழியும்.

கப்பல் பாதையில் சோர்ந்தால்

எஞ்சின் சோரத் தொடங்கியதும் திராட்டிலை மேலே தள்ளுவதுதான் எல்லார் கையும் செய்யும் வேலை. மாறாகக் குறையுங்கள். அடைபட்ட ஃபில்டர் 2,500 சுற்றுக்கு டீசல் கொடுக்காது, 1,200 சுற்றுக்குக் கொடுக்கும். அந்த வேகத்தில் பாதையை விட்டு மிகக் குறுகிய வழியில் வெளியேறுங்கள். இரட்டை ஃபில்டர் இருந்தால் மற்றதற்குத் திருப்புங்கள். நங்கூரத்தைத் தயாராக வையுங்கள். ஆனால் கப்பல் பாதைக்குள் போட வேண்டாம், நீரோட்டம் படகை எங்கே தள்ளுகிறது என்று கணித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் முழுதாக நின்று, படகு பாதைக்குள் மிதந்தால், மூடியைத் திறக்கும் முன் வி.எச்.எஃப். 16ஆம் அலைவரிசையில் இடத்தையும் நிலையையும் சொல்லுங்கள். பழுது பார்ப்பது அதற்குப் பிறகு.

படகில் எப்போதும் இருக்க வேண்டியவை: முதல் ஃபில்டர் இரண்டு, இரண்டாம் ஃபில்டர் இரண்டு, அவற்றின் எல்லா ஓ-ரிங்குகளும், செம்பு வாஷர் ஒரு கைப்பிடி, நிறமற்ற ஹோஸ், கிளிப்புகள், 8 முதல் 19 மி.மீ. வரை ரிங் ஸ்பானர்கள், மூடியுள்ள கண்ணாடி ஜாடி, ஐந்து லிட்டர் கேன், விரிப்புகள். லிப்ட் பம்ப் ஒன்று கூடுதலாக இருந்தால் நல்லது.

வடித்த கலங்கல் டீசலைக் கடலில் ஊற்றினால் அது கடல் மாசுத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பில்ஜில் விட்டால் தானியங்கிப் பம்ப் அதை உங்களுக்காக ஊற்றிவிடும். ஆகவே வேலை தொடங்கும் முன் பில்ஜ் பம்பின் சுவிட்சை அணைத்து, முடிந்ததும் பில்ஜைத் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். கழிவை மூடியுள்ள கேனில் கரைக்குக் கொண்டுவந்து, மெரினாவின் கழிவெண்ணெய்த் தொட்டி எங்கே என்று அலுவலகத்தில் கேளுங்கள்.